மலைக்குடி மகளிரும் கூட்டுறவும்

நூலையும் முன்பணத்தையும் ஜவுளி முதலாளியிடம் பெற்று, நெய்த துணியை அவர் சொன்ன கூலிக்கே ஒப்படைத்துவிட்டு, அடுத்த பாவுக்கு மீண்டும் அவர் வாசலிலேயே காத்து நின்ற காலத்தை நம் நெசவாள அங்கத்தினர்களுள் முதியோர் நன்கறிவர். அந்நிலையை மாற்றவே கைத்தறிக் கூட்டுறவுச் சங்கங்கள் எழுந்தன. அவற்றின் துணிகளை விற்றுத் தர, இன்று கோ-ஆப்டெக்ஸ் என வழங்கும் தலைமைச் சங்கம் 1935-இல் ஏற்பட்டது. அதனால் விளைந்த பெரும் மாறுதல் யாது? முதலாளியின் பேரேட்டில் கிடந்த நம் கணக்கு நம்முடைய சங்கத்தின் பேரேட்டுக்கு வந்தது. அதைக் கேட்கவும் பார்க்கவும் திருத்தவும் நமக்கு உரிமை பிறந்தது. கூட்டுறவின் முதற்பாடம் இதுவே.

சமவெளியில் நாம் கற்ற இப்பாடம், நம் கண்ணெதிரே நிற்கும் மலைகளில் எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறது? அங்குள்ள பெண்டிருக்கும் இளைஞருக்கும் துணை நிற்போர் யாவர்? அத்துணை எவ்வாறு அமைந்தால் நிலைக்கும்? இவற்றை நம் அங்கத்தினர்கள் அறிந்துகொள்ளுதல் நலம். ஏனெனில் மலையில் விளைந்த மிளகும் காப்பியும் புளியும் நம் வீட்டுக்கு வருகின்றன. அவற்றோடு அங்குள்ளோரின் கணக்கும் ஒருவகையில் நம்மோடு கலந்தே வருகிறது.

மாரமங்கலமும் மலையாளிப் பழங்குடியும்

சேலத்துக்கு வடக்கே எழும் சேர்வராயன் மலையில், ஏற்காடு ஊராட்சி ஒன்றியத்தைச் சேர்ந்த ஊராட்சிகளுள் மாரமங்கலமும் ஒன்று. ஏற்காடு என்றதும் ஏரியையும் படகையும் கோடை விழாவையும் நினைப்போர் பலர். ஆனால் அந்த ஏரிக்கரையைத் தாண்டிச் சிற்றூர்களுக்குச் செல்வோர் காண்பது வேறு ஏற்காடு. அங்கே வாழ்வோருள் மிகப் பெரும்பாலோர் மலையாளி என்னும் பழங்குடியினர். ஏற்காடு சட்டமன்றத் தொகுதி பழங்குடியினருக்கென ஒதுக்கப்பட்டதும் இதனாலேயே.

பெயரைக் கேட்டு இவர்களைக் கேரளத்தவர் எனக் கொள்ளலாகாது. மலையை ஆளுவோர் என்னும் பொருளில் வழங்கும் பெயர் இது. இவர்கள் பேசுவது தமிழே. காஞ்சிபுரத்திலிருந்து மூன்று உடன்பிறந்தார் புறப்பட்டு வந்து, சேர்வராயன் மலை, பச்சைமலை, கொல்லிமலை ஆகியவற்றில் குடியேறினர் என்றும், அவர்களின் வழித்தோன்றல்களே தாம் என்றும் இவர்களிடையே பழங்கதை ஒன்று வழங்குகிறது. ஊர்ப் பொதுக்காரியங்களை ஊர்க்கவுண்டரும் பட்டக்காரரும் கூடி முடிவு செய்வது நெடுநாளைய வழக்கம். ஆகவே கூடிப் பேசித் தீர்மானிப்பது இம்மக்களுக்குப் புதிதன்று. ஆயினும் அந்தப் பழைய கூட்டத்தில் பெண்டிருக்கு இருக்கை இல்லை என்பதையும் மறைத்தற்கில்லை.

2011-ஆம் ஆண்டின் மக்கள் தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டுப் பழங்குடியினர் 7,94,697 பேர். மாநில மக்கள் தொகையில் இது நூற்றுக்கு 1.1 அளவே. இவர்களுள் எண்ணிக்கையால் மிகப் பெரிய குடி மலையாளிகளே. மூன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட இவர்கள் சேலம், தர்மபுரி, நாமக்கல், திருவண்ணாமலை முதலிய மாவட்டங்களின் மலைகளில் பரவி வாழ்கின்றனர். அக்கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மக்களுள் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு 80 பேர். பழங்குடியினருள் 54 பேர். பழங்குடிப் பெண்டிருள் 47 பேருக்கும் குறைவு. இந்தக் கடைசி எண்ணை மட்டும் அன்பர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன். இக்கட்டுரை முழுவதும் அதையே சுற்றி வருகிறது.

முன்பணம் என்னும் முடிச்சு

மலைச் சிற்றூரில் ஆடி மாதம் கையில் காசு இல்லாத மாதம். காப்பி பழுக்க இன்னும் மாதங்கள் உண்டு. மிளகு கொடியில் பச்சைச் சரமாகத் தொங்குகிறது. பிள்ளையின் பள்ளிச் செலவோ மருத்துவச் செலவோ வந்துவிடுகிறது. அப்போது வியாபாரி வருகிறார். அவர் கடன் கொடுப்பதாகச் சொல்வதில்லை. விளைச்சலுக்கு முன்பணம் தருவதாகவே சொல்கிறார்.

ஓர் எடுத்துக்காட்டால் இதை விளக்குவோம். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. ஒரு குடும்பத்தார் தை மாதத்தில் 20 கிலோ காய்ந்த மிளகு தருவதாக ஒப்பி, கிலோவுக்கு 400 ரூபாய் வீதம் ஆடியிலேயே 8,000 ரூபாய் பெறுகின்றனர். தை மாதத்தில் சந்தை விலை 600 ரூபாய் ஆகிறது. 12,000 ரூபாய் பெறுமானமுள்ள மிளகு 8,000 ரூபாய்க்குப் போய்விடுகிறது. குடும்பத்துக்கு நட்டம் 4,000 ரூபாய். ஆறு மாதத்துக்கு 8,000 ரூபாய்க்கு 4,000 ரூபாய் என்றால் ஆண்டு வட்டி நூற்றுக்கு நூறு ஆகிறது. அதே 8,000 ரூபாயைச் சங்கத்தில் ஆண்டுக்கு நூற்றுக்குப் பன்னிரண்டு வட்டிக்குப் பெற்றிருந்தாலும் ஆறு மாதத்துக்கு 480 ரூபாயே ஆகும். 480 எங்கே, 4,000 எங்கே? வட்டி என்ற சொல்லே வாயில் வராத காரணத்தால், அது வட்டியே அல்ல என்று எண்ணி வீடு திரும்புவோர் அன்றும் இருந்தனர், இன்றும் இருக்கின்றனர்.

இந்த முடிச்சின் கனம் பெண்டிர் மேலேயே அதிகம் விழுகிறது. கொடியில் மிளகு பறிப்பதும், காயவைப்பதும், காப்பிப் பழம் எடுப்பதும், களை எடுப்பதும் பெரும்பாலும் அவர்கள் உழைப்பு. விலை பேசுவதும் பணம் எண்ணுவதுமோ அவர்களுக்குப் புறத்தே நடக்கின்றன. இளைஞர்களுக்கோ மலையில் இருப்பதில் வரவில்லை என்னும் எண்ணம் வளர்கிறது. பலர் திருப்பூருக்கும் கோவைக்கும் கேரளத்துக்கும் கூலிக்குச் செல்கின்றனர். நேர்வழியில் வேலை கிடைக்காதோரைத் தரகர்கள் வேறு வழியிலும் அழைத்துச் செல்கின்றனர். 2015 ஏப்ரல் 7-ஆம் நாள் ஆந்திர மாநிலத்துச் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டச் சென்றவர்கள் எனச் சொல்லப்பட்ட 20 பேர் காவல் துறையினரால் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர்களுள் பலர் சவ்வாது மலையையும் சித்தேரி மலையையும் சேர்ந்த மலையாளிப் பழங்குடியினர். அந்த மலைகளில் அன்று எழுந்த அழுகை, ஊரிலே பிழைப்பு இல்லாமையின் விலை என்ன என்பதை யாவருக்கும் உணர்த்திற்று.

அரசாங்கம் கண்ட வழி

இந்நிலை புதியதன்று, அறியப்படாததும் அன்று. மலைவாழ் மக்களுக்குக் கடன் ஓரிடம், உணவுப்பொருள் ஓரிடம், விளைபொருளை விற்க வேறிடம் என்று அலைச்சல் இருக்கும் வரையில், இம்மூன்றையும் ஒருங்கே தரும் வியாபாரியிடமே அவர்கள் செல்வர் என்பது தெளிவாயிற்று. 1971-இல் மத்திய அரசாங்கம் கே. எஸ். பாவா தலைமையில் அமைத்த குழு, அம்மூன்று காரியங்களையும் ஒரே கூரையின்கீழ் செய்யும் பெரிய சங்கங்களை மலைப்பகுதிகளில் நிறுவலாம் என்றது. ஐந்தாம் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் அவை தோன்றலாயின. பெரும் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கம் என்பது அவற்றின் முழுப்பெயர். மக்கள் வழக்கில் அது லேம்ப் சங்கம். சேர்வராயன் மலையிலும் அவ்வகைச் சங்கம் உண்டு.

அதன் அமைப்பை நம் அங்கத்தினர் எளிதில் விளங்கிக்கொள்ளலாம். அது பயிருக்குக் கடன் தருகிறது, அடகின் பேரில் கடன் தருகிறது, நியாய விலைக் கடையை நடத்துகிறது, உரம் விற்கிறது, காட்டில் எடுக்கும் கடுக்காய், புளி, தேன் போன்ற பொருள்களை வாங்கி விற்கும் உரிமையும் அதற்கு உண்டு. நெசவாளர் சங்கத்தையும் தொடக்க வேளாண்மைக் கடன் சங்கத்தையும் பண்டகசாலையையும் ஒன்றாகச் சேர்த்துக் கட்டியது போன்றது.

இதற்கு உடன்பிறப்பாக மகளிர் சுய உதவிக் குழுக்கள் பின்னர் வந்தன. தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் 1983-இல் ஏற்பட்டது. 1989-இல் நமது அண்டை மாவட்டமாகிய தர்மபுரியிலேயே இக்குழுக்கள் முதலில் பரிசோதனையாகத் தொடங்கப்பட்டன. 12 முதல் 20 பெண்டிர் ஒன்றுகூடி, மாதந்தோறும் சிறு தொகை சேமித்து, தமக்குள் கடன் கொடுத்து வாங்கி, பின் வங்கிக் கடனும் பெறுவது அதன் முறை.

திட்டமும் உண்டு, சங்கமும் உண்டு, குழுவும் உண்டு. அப்படியிருக்க, சில இடங்களில் இவை செழிப்பதும் சில இடங்களில் வாடுவதும் ஏன்? இவ்வினாவுக்கு விடை, நான் புத்தகத்தில் கற்றதன்று. என் பிழையால் கற்றது.

யாருக்குச் சரியாக இருந்தது?

பணியில் சேர்ந்த புதிதில் வேறொரு மலைப்பகுதியில் ஒரு மகளிர் குழுவின் ஏடுகளைப் பார்வையிட்டேன். தீர்மானப் புத்தகம், ரொக்கப் புத்தகம், பேரேடு மூன்றும் அழகிய கையெழுத்தில் இருந்தன. கூட்டலில் ஒரு காசும் பிசகவில்லை. நன்று என்று எழுதிக் கையொப்பமிட்டு, பிற குழுக்களும் இதைப் பின்பற்றுக என்றும் குறித்தேன். பட்டம் பெற்றவன் என்ற செருக்கும் அப்போது எனக்கு இல்லாமல் இல்லை.

அந்த ஏடுகளையெல்லாம் எழுதியவர் சமவெளியிலிருந்து தொண்டு செய்ய வந்த ஓர் இளைஞர். அவரிடம் குற்றமொன்றும் இல்லை. நாணயமானவர், அந்தப் பெண்டிருக்கு உண்மையாகவே நன்மை நாடியவர். வேறு வேலை கிடைத்து அவர் சென்றபின், ஏட்டைத் தொட்டுப் பார்க்கவும் குழுவில் ஆளில்லை. எவ்வளவு கட்டினோம், எவ்வளவு பாக்கி என்று ஒருவருக்கும் தெரியவில்லை. தவணைகள் தவறின. ஒருவர்மேல் ஒருவர் ஐயுற்றனர். ஓராண்டுக்குள் குழு கலைந்தது. மீண்டும் நான் சென்றபோது ஒரு முதிய பெண்மணி என்னை நோக்கிக் கேட்டார்: “நீங்க வந்து பாத்தப்ப எல்லாம் சரியா இருக்குன்னு எழுதினீங்களே, யாருக்குச் சரியா இருந்துச்சுங்க?”

அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் விடை இல்லை. ஏடு சரியாக இருந்தது எனக்கும் வங்கிக்குமே. அதற்கு உரியவர்களுக்கு அது ஊமை ஏடு. நம் முன்னோர் முதலாளியின் பேரேட்டை எட்ட நின்று பார்த்ததற்கும், அப்பெண்டிர் தம் குழுவின் பேரேட்டை எட்ட நின்று பார்த்ததற்கும் வேறுபாடு என்ன? மனிதர் நல்லவர் என்பது ஒன்றே.

சித்திலிங்கி காட்டும் வழி

இதற்கு மாறான முறையில் நடந்த பணி ஒன்று நமக்கு அருகிலேயே உண்டு. தர்மபுரி மாவட்டத்தில் கல்வராயன், சித்தேரி மலைகளுக்கு இடையே அமைந்தது சித்திலிங்கிப் பள்ளத்தாக்கு. அங்கும் வாழ்வோர் பெரும்பாலும் மலையாளிப் பழங்குடியினரே. 1993-இல் டாக்டர் ரெஜி ஜார்ஜும் டாக்டர் லலிதாவும் என்னும் மருத்துவத் தம்பதியர் அங்கு வந்து குடிசை ஒன்றில் மருத்துவப் பணியைத் தொடங்கினர். அந்நாளில் மருத்துவமனைக்கு அரூர் வரை ஏறக்குறைய 50 கிலோமீட்டர் செல்ல வேண்டும். பிறந்த குழந்தைகளில் ஆயிரத்துக்கு 147 ஓராண்டு நிறையுமுன் இறந்தன என்பது அவர்கள் எடுத்த கணக்கு.

அவர்கள் செய்த சிறந்த காரியம் நோய்க்கு மருந்து கொடுத்தது மட்டுமன்று. வெளியூரிலிருந்து செவிலியரை வரவழைக்காமல், அந்தப் பள்ளத்தாக்கின் பழங்குடிப் பெண்களையே தேர்ந்து பயிற்சி அளித்தனர். அதிகம் படிக்க வாய்ப்பில்லாத பெண்கள் மகப்பேறு பார்க்கவும், அறுவை மருத்துவத்தில் உதவவும், நோயாளியின் குறிப்பை எழுதவும் கற்றனர். ஊருக்கு ஒருவராகத் திருமணமான பெண்கள் தேர்ந்தெடுக்கப்பட்டு, தத்தம் ஊரிலேயே கருவுற்றோரையும் கைக்குழந்தைகளையும் கவனிக்கலாயினர். ஆண்டுகள் செல்லச் செல்ல, குழந்தைச் சாவு ஆயிரத்துக்கு 20 என்னும் அளவுக்கு இறங்கிற்று. மருந்து வெளியிலிருந்து வந்தது. காத்த கை உள்ளூர்க் கை.

நோய்க்கு வேர் வயிற்றில் இருக்கிறது, வயிற்றுக்கு வேர் நிலத்தில் இருக்கிறது என்று கண்டபின், அப்பணி உழவுக்கும் சென்றது. இரசாயன உரத்துக்கும் பூச்சிமருந்துக்கும் வாங்கிய கடனில் மூழ்கியிருந்தோரில் ஒரு சிலர் இயற்கை முறைக்கு மாறினர். பின்னர் நூற்றுக்கணக்கானோர் சேர்ந்த உழவர் சங்கமாக அது வளர்ந்தது. மஞ்சளும் சிறுதானியமும் பருத்தியும் அவர்களே விலை வைத்து விற்கும் பொருள்களாயின. சாமையையும் கேழ்வரகையும் மாவாகவும் தின்பண்டமாகவும் ஆக்கும் வேலையை மகளிர் ஏற்றனர்.

நெசவாள அன்பர்கள் கருத வேண்டிய செய்தி ஒன்றும் அங்கே உண்டு. அதே பள்ளத்தாக்கில் லம்பாடி மக்களும் சிறு தொகையினராக வாழ்கின்றனர். அண்டை மாநிலமாகிய ஆந்திரத்தில் பழங்குடிப் பட்டியலில் உள்ள இவர்கள் தமிழ்நாட்டில் அப்பட்டியலில் இல்லை. ஆகவே சிறுபான்மையினருள்ளும் சிறுபான்மையினர் எனலாம். கண்ணாடியும் வண்ண நூலும் வைத்துத் துணியில் பூவேலை செய்யும் அவர்களுடைய கைத்தொழில் ஏறக்குறைய மறைந்துவிட்டது. முதிய பெண்டிர் ஓரிருவரே அத்தையலை அறிந்திருந்தனர். அவர்களிடமிருந்து இளம்பெண்கள் கற்றனர். இன்று ‘போர்கை’ என்னும் பெயரில் அப்பெண்டிரின் சங்கமே அத்துணிகளை விற்று வருகிறது. போர்கை என்றால் அவர்கள் மொழியில் பெருமிதம் என்று பொருள். முதியவள் ஆசிரியை, பேத்தி மாணவி, சங்கம் இருவருக்கும் பொது. ஊரைவிட்டுக் கூலிக்குப் போயிருக்க வேண்டிய பெண் ஊரிலேயே ஊசி பிடித்துப் பிழைக்கிறாள்.

சித்திலிங்கியின் வளர்ச்சிக்குச் சான்றாக இன்னொன்றும் கூறுவேன். 2019-இன் இறுதியில் நடந்த ஊரக உள்ளாட்சித் தேர்தலில், இம்முயற்சிகளினூடே வளர்ந்த பழங்குடிப் பெண் ஒருவரே அவ்வூராட்சியின் தலைவரானார். துணை நின்றோர் தலைமையைத் தம்மிடமே வைத்துக்கொள்ளவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

கூடலூரும் வடநெம்மேலியும்

நீலகிரி மாவட்டத்துக் கூடலூரிலும் இவ்வழியே பின்பற்றப்பட்டது. பணியர், காட்டுநாயக்கர், பெட்டக் குறும்பர், முள்ளுக் குறும்பர் முதலியோர் அங்கே பல மொழி பேசிப் பிரிந்து கிடந்தனர். 1986-இல் அக்கார்டு என்னும் தொண்டு நிறுவனம் தோன்றிற்று. அது முதலில் செய்தது, பழங்குடி இளைஞர்களையே ஊர் ஊராகச் சென்று கூட்டங்கூட்டப் பழக்கியதாகும். அவர்கள் வழியே ஆதிவாசி முன்னேற்றச் சங்கம் எழுந்தது. 1988 டிசம்பரில் நில உரிமை கேட்டு ஆயிரக்கணக்கானோர் கூடலூரில் ஊர்வலமாகச் சென்றனர். 1990-இல் அவர்களுக்கென மருத்துவமனையும் ஏற்பட்டது. அங்கும் பழங்குடிப் பெண்களே செவிலியராயினர்.

மாமல்லபுரத்துக்கு அருகில் வடநெம்மேலியிலுள்ள இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் நம் கூட்டுறவு இயக்கத்தின் அரிய சங்கங்களுள் ஒன்று. பாம்புத் தோல் வியாபாரம் தடுக்கப்பட்டபின் இருளர் பிழைப்பிழந்தனர். அவர்கள் பரம்பரையாக அறிந்த கலையையே மூலதனமாகக் கொண்டு 1978-இல் சங்கம் அமைந்தது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்னும் நான்கையும் பிடித்து, நஞ்சை எடுத்துவிட்டு, உயிருடன் காட்டில் விடுகின்றனர். அந்த நஞ்சிலிருந்தே நாட்டுக்கு வேண்டும் பாம்புக்கடி மருந்து ஆக்கப்படுகிறது. 2023-இல் இருளர் இருவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. ஒரு குடியினரின் பழைய அறிவைக் கழித்துவிட்டுப் புதியதைத் திணிப்பது துணை ஆகாது. அந்த அறிவுக்கே பங்குப்பத்திரம் கொடுப்பதுதான் கூட்டுறவு.

துணை வேண்டும் நேரம் பிழைப்பு ஒன்றில் மட்டும் வருவதன்று. 1992 ஜூனில் சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்தியில் சந்தன மரத்தைத் தேடுவதாகக் கூறி வந்த அரசுத் துறையினர் ஊரைச் சூறையாடினர். 18 பெண்டிர் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாயினர். தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கம் அவர்களோடு நின்றது. எழுத்தறியாத அப்பெண்டிர் ஆண்டுக்கணக்கில் நீதிமன்றப் படியேறிச் சாட்சி கூறினர். 2011-இல் உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயிற்று. 2023-இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. தமக்கென ஒரு சங்கம் இல்லாதிருந்தால் அவர்கள் குரல் மலையடிவாரத்தைத் தாண்டியிருக்குமோ என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

உலக வரலாற்றிலும் ஒரு செய்தி

பெண்டிரைத் தம் பெயரிலேயே அங்கத்தினராகச் சேர்ப்பது ஏதோ நவீன எண்ணம் என்று கருதுவோர் நம்மிடையேயும் உளர். கூட்டுறவின் தாயகமாகக் கூறப்படும் இங்கிலாந்து ராச்டேல் நகரில் 1844-இல் நெசவாளர் முதலிய 28 பேர் சங்கம் தொடங்கினர். சில ஆண்டுகளுக்குள்ளேயே பெண்டிரையும் அங்கத்தினராக ஏற்றனர். மணமான பெண் தன் பெயரில் சொத்துடையவளாக விளங்க அந்நாட்டுச் சட்டம் 1870-லும் 1882-லுமே இடங்கொடுத்தது. சட்டத்துக்கு முன்பே நெசவாளரின் சங்கம் வழி காட்டிற்று. அம்மரபில் வந்தவர்கள் நாம்.

நம் நாட்டுச் சட்டமும் இன்று வழி திறந்திருக்கிறது. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தின்படி, மணமானோருக்கு வழங்கும் நில உரிமை கணவன் மனைவி இருவர் பெயரிலும் பதிவாக வேண்டும். அந்நிலம் மக்களுக்கு வழிவழியாகச் செல்லும், விற்க இயலாது. கிராம சபை தெரிந்தெடுக்கும் வன உரிமைக் குழுவில் 10 முதல் 15 பேர் இருக்கலாம். அவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்குக் குறையாமல் பெண்டிர் இருத்தல் வேண்டும். கூட்டுறவுச் சங்க நிர்வாகத்திலும் பெண்டிருக்கும் பழங்குடியினருக்கும் இட ஒதுக்கீடு உண்டு. ஆனால் நாற்காலி இருப்பது வேறு, அதில் அமர்ந்து பேசுவது வேறு. கணக்கு தெரியாதவர் நாற்காலியில் அமர்ந்தாலும் தலையசைக்கவே முடியும்.

வாய்விட்டு வாசிக்கும் வழக்கம்

அண்மையில் மாரமங்கலம் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் மகளிர் குழுக் கூட்டத்தில் அமர்ந்திருந்தேன். பன்னிருவர் வந்திருந்தனர். அவர்களில் எழுதப் படிக்கத் தெரிந்தோர் ஐவர். மேனிலைப் பள்ளியில் படிக்கும் பெண்ணொருத்தி ஏட்டைத் திறந்து, ஒவ்வொருவர் பெயரையும் சொல்லி, சென்ற கூட்டம் முதல் கட்டியது, எடுத்தது, பாக்கி ஆகியவற்றை உரக்க வாசித்தாள். யாரும் பேசவில்லை. ஒரு பெயரை வாசித்தபோது மூலையில் அமர்ந்திருந்த மூதாட்டி கையை உயர்த்தினார். “மாசி மாசத்துல நான் ரெண்டு தவணை கட்டுனேன் கண்ணு. நீ ஒண்ணுதான் வாசிச்ச.”

புரட்டிப் பார்த்தனர். ரசீது இருந்தது, ஏட்டில் பதிவு விடுபட்டிருந்தது. அங்கேயே திருத்தி, தலைவி கையொப்பமிட்டார். தொகை சிறியது. ஆனால் எழுத்தறியாத அந்த மூதாட்டி எழுத்தில் உள்ள பிழையைக் கண்டுபிடித்தார் என்பதை எண்ணுந்தோறும் எனக்கு வியப்பு நீங்கவில்லை. முன்பு என்னைக் கேள்வி கேட்ட பெண்மணியின் குழுவில் இவ்வழக்கம் மட்டும் இருந்திருந்தால் அக்குழு கலைந்திராது. அதை அன்று நான் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும்.

வழிநடத்துவோர் செய்யத்தக்கவை

மலைக்குடி மகளிருக்கும் இளைஞருக்கும் துணை நிற்போர், அவர் ஆசிரியராயினும் ஊராட்சித் தலைவராயினும் சங்கக் காரியதரிசியாயினும் என்னைப் போன்ற இன்ஸ்பெக்டராயினும், பின்வருவனவற்றைக் கைக்கொள்வது நலம்.

முதலாவது: ஏட்டை வெளியார் எழுத நேர்ந்தால், அன்றே குழுவைச் சேர்ந்த ஒருவரைப் பக்கத்தில் அமர்த்திக் கற்பிக்க வேண்டும். ஆறு மாதத்துக்குள் எழுதுகோல் கை மாற வேண்டும். மாறாவிடில் அது துணையன்று, சார்பு.

இரண்டாவது: ஒவ்வொரு கூட்டத்திலும் கணக்கு வாய்விட்டு வாசிக்கப்பட வேண்டும். எழுத்தறியாமை ஞாபகமின்மை அன்று. மலைப் பெண்டிரின் ஞாபகமே அவர்களுடைய பேரேடு. இரண்டையும் ஒத்துப் பார்க்கும் இடமே கூட்டம்.

மூன்றாவது: ஏற்காட்டுச் சந்தையிலும் சேலத்திலும் காப்பி, மிளகு விலை என்ன என்பதைப் பருவக் காலத்தில் வாரந்தோறும் சங்கத்தின் பலகையிலும் குழுக் கூட்டத்திலும் அறிவிக்க வேண்டும். முன்பணம் வாங்குமுன் அதன் உண்மை வட்டியைக் கணக்கிட்டுக் காட்ட வேண்டும். மேலே கண்ட 480-ஐயும் 4,000-ஐயும் ஒரு கரும்பலகையில் எழுதிக் காட்டினால், நூறு சொற்பொழிவுகளைவிட அது பயன் தரும்.

நான்காவது: ஆடி மாதக் கடனை ஆடி மாதத்திலேயே கொடுக்க வேண்டும். ஐப்பசியில் வரும் சங்கக் கடன் வியாபாரியை ஒருபோதும் வெல்லாது. கடன் மனுவை நிறைவு செய்யும் பொறுப்பை மேனிலைப் பள்ளியிலும் கல்லூரியிலும் பயிலும் மலை இளைஞர்களுக்கே கொடுத்துப் பழக்கலாம்.

ஐந்தாவது: இளைஞரின் படிப்புக்கும் வேலைக்கும் பழங்குடிச் சாதிச் சான்று இன்றியமையாதது. அதை வழங்கும் அதிகாரம் வட்டாட்சியரிடம் இல்லை, வருவாய்க் கோட்டாட்சியரிடமே உள்ளது. இதை அறியாமல் ஒரு வகுப்பையே இழந்த பிள்ளைகள் உண்டு. பத்தாம் வகுப்பு முடியுமுன்பே சான்று பெறும்படி நினைவூட்டுவது சங்கத்துக்குச் செலவில்லாத தொண்டு.

ஆறாவது: கூட்டுறவுப் பட்டயப் பயிற்சிக்கு மலைச் சங்கத்தின் பகுதியிலிருந்தே பெண்களையும் இளைஞர்களையும் ஊக்கி அனுப்ப வேண்டும். மலைச் சங்கத்தின் எழுத்தர் மலைமகளாக இருக்கும் நாளில், இக்கட்டுரையில் பாதி தேவையற்றதாகிவிடும்.

நிற்க, நம் சமவெளிச் சங்கங்களுக்கும் இதில் பங்கு உண்டு. மலைச் சங்கத்தின் மிளகையும் காப்பித்தூளையும் நம் பண்டகசாலைகள் நேரே வாங்கலாம். மலை இளைஞர் சிலரை நம் சங்கத்தின் மகாசபைக் கூட்டத்துக்கு அழைத்து, அங்கத்தினர் எழுந்து நின்று கணக்குக் கேட்பதை அவர்கள் காணச் செய்யலாம். கேள்வி கேட்டவனை யாரும் வெளியே தள்ளவில்லை என்று கண்ணாரக் காண்பதைவிடச் சிறந்த பயிற்சி வேறில்லை.

இப்போது நான் ஒரு குழுவின் ஏட்டைப் பார்வையிடும்போது, கையொப்பமிடுமுன் ஒரு காரியம் செய்கிறேன். ஏட்டை மூடி வைத்துவிட்டு, அங்கத்தினர்களுள் பின்வரிசையில் அமர்ந்திருக்கும் ஒருவரை நோக்கி, “அம்மா, உங்கள் பாக்கி எவ்வளவு?” என்று கேட்கிறேன். அவர் விடை சொன்னபின்னரே ஏட்டைத் திறந்து ஒத்துப் பார்க்கிறேன். இரண்டும் ஒன்றாயிருந்தால் மட்டுமே, சரி என்று எழுதுகிறேன்.